வால்வு திறக்கும் வேளை

பொட்டிப்புரம் என்ற பெயரைப் பத்திரிகை வாசகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டது, போடி மேற்கு மலையைக் குடைந்து அங்கே நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைப்பதற்கு 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்ததையும், அதையொட்டி எழுந்த எதிர்ப்பையும் வழக்குகளையும் பற்றிய செய்திகளினாலேயே ஆகும். அந்த விவகாரத்தில் நியாயம் எந்தப் பக்கம் என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆய்வுக்கூடம் என்ற பேச்சே பிறப்பதற்கு வெகுகாலம் முன்னதாக, அந்த மலையைச் சுற்றியுள்ள பாதைகளிலும் தோட்டங்களிலும் பட்டறைகளிலும் வேறொரு வகைச் சோதனை எவ்வித விளம்பரமும் இன்றி நடந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்குள்ளே வால்வானது திறக்க வேண்டிய வேளையில் திறந்து, மூட வேண்டிய வேளையில் மூடுகிறதா என்று கண்டறியும் சோதனை அது. ஸ்போர்ட்ஸ் கார்களின் பெருமைகளுள் ஒன்றாக இன்று பேசப்படுகிற, ஓட்டத்தின் நடுவிலேயே வால்வின் வேளையை மாற்றிக்கொள்ளும் வித்தைக்கும் இந்த மலைகளுக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட சம்பந்தம் உண்டு என்று சொன்னால் சிலர் புன்னகை செய்யக்கூடும். சரித்திரம் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது, பிஸ்டன் கீழே இறங்கி முடித்த சற்றைக்கெல்லாம் இன்லெட் வால்வு மூடிவிட வேண்டும். இல்லையேல், உள்ளே இழுத்த காற்றையே மேலேறும் பிஸ்டன் திருப்பி வெளியே தள்ளிவிடும். வேகமாகச் சுழலும்போதோ, வாய்க்காலில் விரைந்து வரும் நீர் தன் வேகத்தினாலேயே மடைக்குள் மேலும் மேலும் புகுவதைப்போல், பிஸ்டன் மேல்நோக்கித் திரும்பிய பின்னும் காற்று உள்ளே புகுந்துகொண்டே இருப்பதனால், வால்வைத் தாமதித்து மூடுவதுதான் லாபம். ஆகவே, வால்வுகளைத் திறந்து மூடுவதற்காக ஒரே வடிவில் கடைந்தெடுத்த கேம் ஷாஃப்ட் எதுவும் ஒரு வேகத்துக்கு உத்தமமாக அமைந்தால் மற்றொரு வேகத்துக்குக் குறையுடையதாகவே இருக்கும். சுமை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் கீழ்ச் சுற்றில் இழுவை இருந்தால் போதும். பந்தய வண்டிக்கு உச்சச் சுற்றில் பலம் இருந்தால் போதும். ஒரே வண்டியில் இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்குத்தான், ஓடிக்கொண்டிருக்கும்போதே வேளையை மாற்றும் உபாயம் தேவைப்படுகிறது.

இந்த உபாயம் ஜப்பானியர் கண்டுபிடித்த புதுமை என்பது பொதுவாக நிலவுகிற எண்ணம். பெட்ரோல் எஞ்சினை மட்டும் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் நீராவி எஞ்சினுக்கு இது குழந்தைப் பருவத்திலேயே வாய்த்துவிட்டது. 1842-இல் இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் தொழிற்சாலையிலும், 1844-இல் பெல்ஜியத்தில் எஜிட் வால்ஷார்ட் என்பவராலும் உருவாக்கப்பட்ட வால்வு யந்திரங்கள், நீராவியைச் சிலிண்டருக்குள் எந்த அளவுவரை விட்டு எங்கே நிறுத்துவது என்பதை, டிரைவர் தம் கையிலுள்ள ஒரு நெம்புகோலினாலோ திருகினாலோ விரும்பியபடி மாற்றிக்கொள்ள வழி செய்தன. புறப்படும்போது பிஸ்டனின் ஓட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு நீராவி விடப்படும். வண்டி வேகம் பிடித்த பின் அதைக் கால் பங்காகக் குறைத்து, மிச்சத்தை நீராவி தானே விரிந்து தள்ளும்படி விட்டுவிடுவார்கள். நிலக்கரிச் சிக்கனமும் வேகமும் இதனால் ஒருங்கே கைகூடின.

அந்த வித்தை இப்பிரதேசத்துக்கு முதலில் வந்தது பள்ளத்தாக்கின் வழியாக அன்று, மலையின் மேலாக. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே டாப் ஸ்டேஷன் வரையில் 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது இரண்டடி அகலப் பாதையாக மாற்றப்பட்டு, சிறிய நீராவி எஞ்சின்கள் ஓடலாயின. அவை கொண்டுவந்து சேர்த்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குப் போய்ச் சேர்ந்தன. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையைத் துடைத்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு அதை எவரும் கட்டவில்லை. நான்கே ஆண்டுகளில், 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்து சேர்ந்தது. யுத்தத்தின்போது தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 1950-களில் மறுபடியும் போடப்பட்டு, 2010 இறுதியில் அகலப் பாதைக்காக நிறுத்தப்பட்டு, 2023-இல் போடிக்கு மீண்டும் ரயில் வந்த கதையை அவ்வட்டாரத்தார் யாவரும் அறிவர்.

உசிலம்பட்டியைக் கடந்து ஆண்டிபட்டிக் கணவாயை நோக்கி ரயில் ஏறும் இடத்தில் அந்தக் காலத்து டிரைவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். ஏற்றம் தொடங்கியதும் அவர் வால்வு யந்திரத்தை நெம்பித் திறப்பை நீட்டுவார்; கணவாயைத் தாண்டி இறங்குமுகமானதும் குறைப்பார். இன்று கம்ப்யூட்டர் செய்கிற காரியத்தை அன்று ஒரு மனிதர், வெயிலிலும் அடுப்பின் அனலிலும் நின்றுகொண்டு, தம் காதையும் கையையும் கொண்டு செய்தார். இரண்டு சிலிண்டர் எஞ்சினின் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் புகைபோக்கியிலிருந்து நான்கு வீச்சுகள் கேட்க வேண்டும். நான்கும் சம இடைவெளியிலும் சம பலத்திலும் இருக்க வேண்டும். ஒரு வீச்சு மெலிந்தோ தாமதித்தோ வந்தால், ஒரு பக்கத்து வால்வு நிலை பிசகிவிட்டது என்று பொருள். எஞ்சின் நொண்டுகிறது என்பார்கள். காது சொன்னதை டிரைவர் குறித்துக்கொடுப்பார். ஆனால் அதை நம்பி ஷெட்டில் ஒருவரும் ஸ்பேனரை எடுத்துவிட மாட்டார்கள். பிஸ்டன் இரு முனைகளிலும் நிற்கும் இடங்களைச் சக்கரத்தில் கோடிட்டுக்கொண்டு, முன்பக்கத் திறப்பையும் பின்பக்கத் திறப்பையும் அளந்து ஒப்பிட்ட பிறகே கை வைப்பார்கள். காது சாட்சி; அளவே தீர்ப்பு. இந்தச் சம்பிரதாயத்தைப் பின்வந்த மெக்கானிக்குகளில் பலர் கைவிட்டதே அவர்களுடைய கஷ்டங்களில் பாதிக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முல்லைப் பெரியாற்று நீர் 1895-க்குப் பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியை நஞ்சையாக வளப்படுத்தியதென்றாலும், பொட்டிப்புரம், தேவாரம் முதலிய மேற்கு மலையடிவாரத்துப் புஞ்சைகள் கிணற்றையே நம்பியிருந்தன. கமலை இறைத்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்தது ஆயில் எஞ்சின். லிஸ்டர் மாதிரியில் செய்யப்பட்ட அந்தப் பளுவான ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 650 சுற்று என்ற நிதானத்தில், ஒரே வேகத்தில் ஓடுவது. அதற்கு வேளையை மாற்றும் வித்தை எதுவும் அவசியமில்லை. ஆயினும் அதைக் கிளப்புகிற ஒரு நொடியில் மட்டும் அந்த வித்தை மனிதனுடைய கையில் இருந்தது. இடக்கை எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடித்திருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் சேராததனால் வலக்கை ஹாண்டிலை இலகுவாகச் சுற்றும். பளுச்சக்கரம் போதிய வேகம் கொண்டதென்று தோள் உணர்ந்த தருணத்தில் இடக்கை வால்வை விட்டுவிடும். டம் என்று முதல் வெடி கேட்கும். வால்வை முன்னதாக விட்டால் சக்கரம் தயங்கி நின்றுவிடும். மிகவும் தாமதித்தால் தோள் சோர்ந்துவிடும். எந்தப் புத்தகமும் சொல்லித் தராத அந்த வேளையைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கற்றுக்கொண்டார்கள். 1950-களின் பிற்பகுதியில் லோயர் கேம்ப்பில் பெரியாற்று மின் நிலையம் எழுந்து, கிணறுகளுக்கு மின்சார மோட்டார்கள் வரத் தொடங்கிய பிறகு, அந்தக் கல்வியும் மெல்ல மறைந்தது.

சாலையில் நடந்தது வேறு கதை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனத்தின் பஸ்கள் நேரந்தவறாமைக்குப் பேர் போனவை. பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று பழையவர்கள் சொல்வதை மதுரை ஜில்லா முழுவதும் கேட்கலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது அந்நிறுவனம் கரிவாயுக் கலங்களைத் தயாரித்து வண்டிகளுக்குப் பின்னால் பொருத்தியது. கரிவாயு பெட்ரோலைவிட மெதுவாக எரியும் தன்மையுடையதாகையால், பொறி அடிக்கும் வேளையை முன்னுக்குத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. கேம் ஷாஃப்டைத் தொட வழியில்லாதவர்கள் பொறியின் வேளையைத் தொட்டுச் சமாளித்தார்கள். 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றி அவ்வழிகளை ஏற்றுக்கொள்ளும் வரையில், வேளை தவறாத பஸ்ஸுக்குப் பின்னால் வேளை தவறாத எஞ்சின் இருந்தாக வேண்டும் என்ற பாடத்தைப் பட்டறைச் சிறுவர்கள் அங்கேதான் கற்றார்கள்.

டாக்சி ஸ்டாண்டுகளை அம்பாசடர் ஆண்ட காலத்தில் இந்தத் தொழில் தன் பூரண வடிவத்தை அடைந்தது என்று சொல்லலாம். 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள அந்த எஞ்சினில் எட்டு வால்வுகள் ஒரே வரிசையில் நிற்கும். முதலாவது முழுதும் அமுங்கியிருக்கும்போது எட்டாவதன் இடைவெளியைப் பார்க்க வேண்டும். மூன்றாவது அமுங்கினால் ஆறாவது. ஐந்தாவது அமுங்கினால் நான்காவது. இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 9. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்து ஓடி வந்த பையனும் இந்தக் கணக்கை ஒருபோதும் தவறவிட்டதில்லை. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் 15 பங்கு கனமுள்ள தகட்டை டாப்பெட்டுக்குள் செருகி இழுத்தால், தகடு சிக்கவும் கூடாது, வழுக்கிக்கொண்டு போகவும் கூடாது. மெல்லிய பிடிப்போடு வர வேண்டும். வால்வை லேப்பிங் செய்து உட்கார வைத்தபின், ஹெட்டின் துவாரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றி வைத்து, அடியில் கசிவு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சென்னையில் 1959-இல் தொடங்கப்பட்ட ரானே குழுமத்தின் எஞ்சின் வால்வ்ஸ் தொழிற்சாலை நாட்டிலேயே வால்வுகளைச் செய்யத் தொடங்கிய பிறகு உதிரிப் பாகத்துக்கு இருந்த கிராக்கியும் தணிந்தது.

இங்கே ஒரு சூக்ஷ்மத்தைக் கவனிக்க வேண்டும். டாப்பெட் தளர்ந்திருந்தால் டிக் டிக் என்று சப்தம் போடும். வண்டிக்காரர் உடனே பட்டறைக்கு வந்துவிடுவார். இறுகியிருந்தாலோ சப்தமே வராது; வண்டி பட்டுப்போல் ஓடுவதாக எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்; உள்ளே எக்ஸாஸ்ட் வால்வு முழுதும் மூடாமல், தன் சூட்டை இறக்க இடமின்றிக் கருகிக்கொண்டிருக்கும். சப்தம் போடுகிற கோளாறைவிட மௌனமாக இருக்கிற கோளாறு அபாயமானது. காதை மட்டும் நம்பியவர்கள் எத்தனையோ நல்ல எஞ்சின்களை இந்த விதத்தில் கெடுத்திருக்கிறார்கள்.

ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்கும் ஜீப்புகளைப் பற்றித் தனியே எழுதத்தக்கது அதிகம். ஆனால் அவற்றின் டீசல் எஞ்சின்களில் வால்வின் வேளை நிலையானது என்பதனால் இங்கே அவற்றைக் கடந்து செல்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் வேளையை மாற்றும் வித்தையைக் கடையில் விற்கும் காரில் முதன்முதலாகக் கொண்டுவந்தது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம். ஜம்பாவ்லோ கார்ச்சேயா என்ற பொறியாளரின் யோசனைப்படி, 1980-இல் அவர்களுடைய ஸ்பைடர் காரில் இன்லெட் கேம் ஷாஃப்டை ஆயில் அழுத்தத்தினால் சற்றுத் திருப்பி வைத்தார்கள். 1989-இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த வி-டெக் முறை வேறு விதமானது. ஷாஃப்டைத் திருப்பாமல், ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் மூன்று கேம்களை வைத்தார்கள். மெதுவாக ஓடும்போது ஓரத்து இரண்டு கேம்கள் வேலை செய்யும். சுமார் 5500 சுற்றை எட்டியதும், ஆயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி மூன்று ராக்கர்களையும் ஒன்றாகப் பூட்ட, நடுவிலுள்ள உயரமான கேம் அதிகாரத்தைக் கைப்பற்றும். 1.6 லிட்டர் எஞ்சினிலிருந்து 160 குதிரைத்திறன் கிடைத்தது. லிட்டருக்கு நூறு என்ற கணக்கு அதுவரை பெரும்பாலும் பந்தயத்துக்கே உரியது. அதைக் கடையில் விற்கும் சாதாரணக் காரில் கண்டு உலகம் வியந்தது. மறு வருஷம் அதே வித்தை என்.எஸ்.எக்ஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் ஏறியது. போர்ஷே, பி.எம்.டபிள்யூ, டொயோட்டா ஆகியோர் 1990-களில் தத்தம் முறைகளைக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பந்தயங்களின் சிகரமான ஃபார்முலா ஒன் இந்த வித்தையை 2006-ஆம் வருஷ விதிகளால் விலக்கிவிட்டது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அப்பந்தயத்தில் முதல் இந்தியராக ஓட்டியது அதற்கு முந்தின வருஷம்.

நம் நாட்டில் 2000-இல் விற்பனைக்கு வந்த 106 குதிரைத்திறன் சிட்டி வி-டெக் இளைஞர்களின் மனத்தைக் கொள்ளைகொண்டது. பின்பு மாருதி ஸ்விஃப்ட் முதலிய குடும்பக் கார்களுக்கும் கேமைத் திருப்பும் முறை வந்தது. 2018-இல் யமஹா ஆர்15 என்ற 155 கன சென்டிமீட்டர் மோட்டார் சைக்கிளிலேயே, 7400 சுற்றில் கேம் மாறும் ஏற்பாடு வந்துவிட்டது. ஸ்போர்ட்ஸ் கார் தேனிச் சாலையில் அபூர்வம். ஆனால் அதன் வித்தை இன்று கல்லூரி வாசலில் நிற்கிறது.

அது சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? பட்டறை வாசலில் நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை முறுக்குவது பலருக்குப் பழக்கம். வீண் முயற்சி அது. பெரும்பாலான வி-டெக் வண்டிகளில், எஞ்சின் சூடேறி, வண்டி ஓடிக்கொண்டிருந்து, சுமையும் இருந்தால்தான் கேம் மாறக் கட்டளை பிறக்கும். போடிமெட்டில் ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எதிரே ஜீப்பும் பஸ்ஸும் வருகிற வளைவுகளில் ஏழாயிரம் சுற்றுக்கு எஞ்சினை விரட்டுவது சோதனையாகாது, பிறர் உயிரோடு விளையாடுவதாகும். மேலும், கேம் மாறும்போது எழுகிற உறுமல் குறைந்துவிட்டதென்றும் கூடிவிட்டதென்றும் காதை நம்பிச் சொல்வதில், காற்று வடிகட்டியையும் சைலன்சரையும் மாற்றியவனுடைய கற்பனைக்கு இடம் அதிகம். கேம் மாறியதைக் காட்ட ஆர்15-இன் முகப்பில் எரியும் விளக்கும் அப்படியே. விளக்கு எரிந்ததைக் கொண்டு மட்டும் உள்ளே ஊசி நகர்ந்துவிட்டதென்று முடிவு கட்டலாகாது.

முறையான சோதனை ஆயிலிலிருந்து தொடங்குகிறது. வேளையை நகர்த்துகிற கை ஆயிலினுடைய கை. அது குறைந்திருந்தாலோ, கசடாகியிருந்தாலோ, எஞ்சினுக்கு ஒவ்வாத தடிப்பில் ஊற்றப்பட்டிருந்தாலோ, எந்தப் பாகத்தை மாற்றியும் பிரயோஜனமில்லை. அடுத்தது, அந்த ஆயிலுக்கு வழி திறந்துவிடும் சோலினாய்டுக்கு அடியிலுள்ள நகக்கண் அளவு வலைச் சல்லடை. அதில் ஒட்டியுள்ள கசடைப் பார்த்தாலே அந்த வண்டியின் பூர்வோத்திரம் முழுவதும் தெரிந்துவிடும். பிறகு, வால்வு மூடியைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரையும் மேல் நிலைக்குக் கொண்டுவந்து, நடு ராக்கர் தனியே அசைகிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பது. அசையாவிட்டால் ஊசி பூட்டிய நிலையிலேயே சிக்கியிருக்கிறது. கேமைத் திருப்பும் முறையுள்ள வண்டிகளில் இதனினும் அழகான சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஐடிலில் மெதுவாக ஓடும்போது, ஆயில் வால்வுக்கு ஸ்கேனர் வழியாகக் கட்டளை கொடுத்துக் கேமை முன்னுக்குத் திருப்பினால், இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் மிகுந்து எஞ்சின் தடுமாற வேண்டும், நின்றுபோனாலும் போகலாம். நல்ல எஞ்சின் தடுமாறுகிறது. ஒன்றுமே நடவாததுபோல் நிதானமாக ஓடுகிற எஞ்சினில்தான் கோளாறு. அம்பாசடரின் மௌனமான டாப்பெட் இங்கே மறுபிறவி எடுத்து வந்திருப்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக.

ஸ்கேனரின் திரையில் இரண்டு எண்கள் ஓடும். கேம் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் இட்ட கட்டளை ஒன்று, உண்மையில் எத்தனை திரும்பியது என்று சென்சார் கண்டது மற்றொன்று. ஷெட்டில் சக்கரத்தில் கோடு கிழித்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒப்பிட்டவர்கள் செய்த காரியமே இதுவும். ஆனால் ஸ்கேனரில் பி0011 என்ற கோளாறு எண் தெரிந்த மாத்திரத்தில், இரண்டு எண்களையும் ஒப்பிடாமல், ஆயிலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஆயிரக்கணக்கில் விலையுள்ள கேம் கியரை மாற்றச் சொல்லுகிற வழக்கம் எங்கும் பரவி வருகிறது. அந்த எண், கேம் வேண்டிய அளவைவிட முன்னுக்குத் திரும்பிவிட்டதென்று மட்டுமே சொல்கிறது; எதனால் என்பதை அது சொல்வதில்லை.

ஆகையால், பழைய வி-டெக் காரோ, கேம் திரும்பும் வேறு எந்த வண்டியோ வாங்க எண்ணுகிறவர்கள், அது போடும் சப்தத்தைக் கேட்டு மயங்காமல், ஆயில் மாற்றிய ரசீதுகளை முதலில் கேளுங்கள். சோலினாய்டின் சல்லடையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கட்டளையையும் பதிலையும் திரையில் ஒருசேரப் பார்த்துவிடுங்கள். இம்மூன்றையும் காட்டத் தயங்குகிறவரிடம் அந்த வண்டியை வாங்க வேண்டாம்.